என் அம்மன் காசு ஏழு முறை ஏலம் போனது

இணைய ஏலத் தளங்களை நடத்துவோருக்கும், அவற்றில் குறைதீர்ப்புப் பொறுப்பில் இருப்போருக்கும்

வணக்கம்.

என் வீட்டு அலமாரியில், அப்பத்தாவின் பித்தளைச் செப்புக்குள், ஓர் அம்மன் காசு இருக்கிறது. கடந்த 14 மாதங்களில் அந்தக் காசு, எனக்குத் தெரிந்தவரை, 7 முறை ஏலம் போயிருக்கிறது. ஒரு முறை 380 ரூபாய்க்குப் போனது. இன்னொரு முறை 1,150 ரூபாய்க்குப் போனது. ஆனால் காசு செப்பை விட்டு அசையவே இல்லை. விற்றவர்களில் ஒருவர்கூட அதைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களிடம் இருந்ததெல்லாம் நான் எடுத்த படம்.

இது எனக்குத் தெரியவந்த விதத்தைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வீடு தேடி வந்தார். பழங்காசு சேர்க்கத் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது என்றார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்து, "டீச்சர், இது நீங்கள் விற்றதுதானே?" என்று கேட்டார்.

உறைக்குள் இருந்தது வார்ப்புப் போலி. காசு சேர்ப்பவர்களுக்கு அதைக் காண ஒரு நொடி போதும். அச்சில் அடித்த காசில் உருவத்தின் ஓரங்கள் கூர்மையாக நிற்கும். வார்ப்பில் எல்லாம் சோப்புக்கட்டி கரைந்ததுபோல மழுங்கியிருக்கும். மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி அரத்தால் தேய்த்து மறைத்த கோடு ஒன்று ஓடும். அவர் கைபேசியை எடுத்து, எந்தப் படத்தைப் பார்த்து ஏலம் கேட்டாரோ அதைக் காட்டினார். அம்மனின் முழங்காலுக்குக் கீழே அரிசி நுனியளவு ஒரு வெட்டு. அந்த வெட்டு என் அப்பா சிறுவனாக இருந்தபோது காசைப் பாக்குவெட்டியில் வைத்து வெட்டிப் பார்த்ததால் வந்தது. உலகத்தில் வேறெந்த அம்மன் காசிலும் அந்தத் தழும்பு அதே இடத்தில் இருக்காது.

காசு கைக்கு வந்தபின் சந்தேகப்பட்டு, படத்தைக் கொண்டு இணையத்தில் தேடியிருக்கிறார். என் பெயர் வந்திருக்கிறது. ஆக, அந்தப் பிள்ளை என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்துக்கொண்டுதான் என் வீட்டுப் படியேறினார். என் நரையைப் பார்த்துச் சொல்லை மென்மையாக்கிக்கொண்டார், அவ்வளவுதான். 31 ஆண்டுகள் வரலாறு கற்பித்த ஒருத்தியின் வாசலில் ஒருவர் அந்தச் சந்தேகத்தோடு வந்து நின்றார் என்பதை நான் இன்னும் மறக்கவில்லை. செப்பைத் திறந்து காசை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அந்த வெட்டையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மன் காசு என்றால் என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்தின் செப்புக்காசு அது. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று இருக்கும். மதிப்பு ஓர் அணாவில் இருபதில் ஒரு பங்கு. 16 அணா ஒரு ரூபாய் என்ற கணக்கில், ஒரு ரூபாய்க்கு 320 காசு. நவராத்திரியில் சமஸ்தானம் மக்களுக்கு அரிசியோடு இந்தக் காசையும் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் ஒன்றுக்கும் உதவாததை "அம்மஞ்சல்லிக்குப் பெறாது" என்று சொல்வார்களே, அந்தச் சல்லி இதுதான். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அப்பத்தா தன் இளவயதில் முந்தானையில் அரிசியையும் கையில் காசையும் வாங்கி வந்ததைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அரிசியை அன்றே பொங்கிவிட்டார்களாம். காசுகளில் ஒன்று மட்டும் எப்படியோ தங்கிவிட்டது.

அதைப் படம் எடுக்க எனக்கு மூன்று நாட்கள் ஆயின. தேய்ந்த செம்பைப் படம் பிடிப்பது எளிதன்று. நேரே ஒளி பட்டால் பளபளத்து உருவம் அழியும். பக்கவாட்டில் பட்டால் பாதிக் காசு நிழலில் மூழ்கும். கடைசியில், காசுக்கு மேலே ஒரு கண்ணாடித் தகட்டை 45 பாகையில் சாய்த்து, பக்கத்து விளக்கொளி அந்தக் கண்ணாடியில் பட்டுக் காசின்மேல் செங்குத்தாக இறங்கும்படி செய்தேன். கண்ணாடியின் வழியாகவே மேலிருந்து படம். நாணயத்தைப் படம் எடுப்பவர்களுக்குத் தெரிந்த பழைய முறைதான்; ஆனால் கண்ணாடி ஒரு மயிரிழை பிசகினாலும் 'விஜய'வின் நடு எழுத்து காணாமல் போகும். அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து, இரண்டைத் தேர்ந்தேன். நகைக்கடைத் தராசில் நிறுத்து எடையும் குறித்தேன். பார்ப்பவர்கள் தங்கள் காசோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும், போலியை அடையாளம் காணட்டும் என்றுதான் அவற்றை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தேன். போலியைக் கண்டுபிடிக்க வைத்த படத்தைக் கொண்டே போலியை விற்றிருக்கிறார்கள்.

இனி உங்களிடம் பேசவேண்டியதற்கு வருகிறேன்.

கடைவீதியில் புடவை வாங்குகிறவர் துணியைத் தொட்டுப் பார்க்கிறார். நாணயக் கண்காட்சியில் வாங்குகிறவர் காசைக் கையில் எடுக்கிறார், பூதக்கண்ணாடி வைக்கிறார், வெள்ளியானால் மேசையில் சுண்டி ஓசை கேட்கிறார். உங்கள் தளத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. தொடுவதற்கும் நிறுப்பதற்கும் சுண்டுவதற்கும் பதிலாக நீங்கள் வைத்திருப்பது ஒரே ஒரு படம். ஆலையில் செய்த குக்கரானால் ஒன்றின் படம் மற்றொன்றுக்குப் பொருந்திவிடும் என்று ஒருவேளை வாதாடலாம். பழம்பொருளுக்கு அது பொருந்தாது. ஒரே அச்சில் அடுத்தடுத்து விழுந்த இரண்டு காசுகள்கூட நூறாண்டு வெவ்வேறு மடிகளில் இருந்து வெவ்வேறாகத் தேய்ந்திருக்கும். ராஜராஜனின் செப்புக்காசை எடுத்துக்கொள்ளுங்கள். நின்ற மனித உருவம் ஒரு பக்கம், அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தும் மறுபக்கம். தமிழகத்திலும் இலங்கையிலும் நிறையக் கிடைப்பதுதான். ஆனாலும் எழுத்து எத்தனை விழுந்திருக்கிறது, அச்சு எந்தப் பக்கம் நழுவியிருக்கிறது, களிம்பு எங்கே படிந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் ஒருவர் விலை கேட்கிறார். அவர் கேட்பது 'ஒரு ராஜராஜன் காசை' அல்ல. படத்தில் இருக்கும் அந்தக் காசை. ஆகவே ஏலத்தில் படம் என்பது சாட்சி. ஊரார் படத்தை எடுத்துத் தன் சரக்குக்கு மேல் ஒட்டுகிறவர் பொய்ச்சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறார். அந்தக் கூண்டை வாடகைக்கு விட்டு, ஒவ்வொரு விற்பனைக்கும் தரகு வாங்குவது நீங்கள்.

படத்துக்கும் பொருளுக்கும் உள்ள பிணைப்பு எவ்வளவு பெரியது என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்கள் சிலைகளைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டோம். இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்து அனந்தமங்கலத்தில் பெருமாள் கோயில் ஒன்று இருக்கிறது. அதன் ராமர், சீதை, இலக்குவன் செப்புத் திருமேனிகள் 1978இல் களவு போயின. 42 ஆண்டுகள் கழித்து, 2020இல், லண்டனில் அவை இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அவை அனந்தமங்கலத்துச் சாமிகள்தான் என்பதை எதைக் கொண்டு நிறுவினார்கள்? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1958இல் அந்தக் கோயிலுக்குப் போய் எடுத்துவைத்த கறுப்பு வெள்ளைப் படங்களைக் கொண்டுதான். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசரும் அப்படித்தான் வந்தார். 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிய சிலை அது. 2014இல் அந்நாட்டுப் பிரதமரே தில்லிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அங்கும் அடையாளம் சொன்னது அதே நிறுவனத்தின் படம். எந்தப் படம், எந்த ஊர், எந்தச் சிலை, என்றைக்கு எடுத்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருந்ததால்தான் அந்தப் படங்களுக்கு அந்த வலிமை இருந்தது. என் காசு அந்தச் சிலைகளுக்குக் கால்தூசு பெறாது. ஆனால் நீங்கள் அன்றாடம் அறுக்கவிடுவது அதே சங்கிலியைத்தான்.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. படம் திருடுகிறவர்களும் நீங்களும் அதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயமும் தொல்பொருள்தான். அதை வணிகமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. என் படங்களில் ஒன்று, ஓரத்தில் என் பெயர் பாதி அழிந்தும் அழியாமலும், வெளிநாட்டுத் தளம் ஒன்றில் ஏலத்துக்கு வந்தது. அதைப் பார்க்கிற ஓர் அதிகாரிக்கு என்ன தோன்றும்? இந்த அம்மாள் காசைக் கடல் கடத்திவிட்டார் என்றுதானே? நான் என் செப்பை எடுத்துக்கொண்டு எந்த அலுவலகத்தின் பெஞ்சில் போய் உட்கார்ந்து, காசு இங்கேயே இருக்கிறது ஐயா என்று சொல்ல வேண்டும்? அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

உங்களிடம் முறையிடாமல் இதை எழுதவில்லை. உங்களில் ஒரு தளத்துக்கு, தை மாதத்தில், ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே புகார் அனுப்பினேன். ஒரே நிமிடத்தில் "உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டோம்" என்று பதில் வந்தது. மனிதர் எழுதிய பதில் ஒன்பதாம் நாள் வந்தது. படம் உங்களுடையது என்பதை நிரூபியுங்கள் என்றது அது. கேமராவிலிருந்து இறங்கியபடியே இருக்கும் மூலக்கோப்பை அனுப்பினேன். நாள், நேரம், வில்லை எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். அதே மேசையில் அதே விளக்கில் எடுத்த அடுத்தடுத்த பத்துப் படங்களையும் அனுப்பினேன். காசையும் அன்றைய நாளிதழையும் சேர்த்துப் புதிதாக ஒரு படம் எடுத்தும் அனுப்பினேன். விற்றவரிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள்? அவர் இன்னும் ஒரே ஒரு படம், காசைச் சற்றுச் சாய்த்து, எடுத்து அனுப்பியிருந்தால் உண்மை அன்றே வெளிவந்திருக்கும். கேட்கவில்லை. உரிமை உள்ளவள் நிரூபிக்க வேண்டும். இல்லாதவருக்கு ஒரு கேள்வியும் கிடையாது.

26ஆம் நாள் படத்தை நீக்கினீர்கள். ஏலம் 7 நாள் ஏலம். முடிந்து, பணம் கைமாறி, கொரியர் போய்ச் சேர்ந்து, மூன்றாவது வாரத்தில் யாரோ ஒருவர் வீட்டில் அந்தச் சோப்புக்கட்டிக் காசு கிடந்தது. ஏலம் கேட்டவர்களுக்கும் வாங்கியவருக்கும் 'நீங்கள் பார்த்த படம் பொய்' என்று ஒரு வரி எழுதினீர்களா என்று கேட்டேன். அது எங்கள் நடைமுறையில் இல்லை என்றார்கள்.

அடுத்து நடந்ததை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. அதே விற்பனையாளர், அதே வாரத்தில், அதே காசைத் திரும்ப ஏலத்துக்கு வைத்தார். இம்முறை படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தார். கண்ணாடியில் பார்ப்பதுபோல. அம்மனின் முழங்கால் தழும்பு மறுபக்கம் போய்விட்டது. 'விஜய' என்ற மூன்று தெலுங்கு எழுத்துகளும் வலமிருந்து இடமாக ஓடின. அப்படி ஒரு காசு தொண்டைமான்களின் எந்த அச்சிலும் விழுந்ததே இல்லை. தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒரு சிறுமிகூட அதைப் பார்த்துச் சிரித்திருப்பாள். உங்கள் தளத்தில் அது ஏழு நாளும் நின்றது, விலையும் போனது.

இதற்கு விதி இல்லையென்று சொல்லாதீர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தைக் கலைப்படைப்பாகவே கொள்கிறது. அதில் கலைத்தரம் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டன்று என்றும் சொல்கிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, எடுத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. எடுத்தவரின் ஆயுளுக்கும், அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் அது நிற்கும். தெரிந்தே மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை தண்டமும் சட்டத்தில் இருக்கின்றன. அறுநூறு ரூபாய்க் காசுக்காக யாரையும் சிறைக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை. நான் உங்கள் முன் வைப்பது வேறொரு விதியை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020இல் வந்த மின்வணிக விதிகள், விற்பனையாளர் போடும் விவரமும் படமும் பொருளின் தோற்றத்தோடும் தன்மையோடும் நேரடியாகப் பொருந்த வேண்டும் என்று அவர்களிடம் உறுதிமொழி வாங்கும் கடமையைத் தளத்தின் தலைமேல் வைக்கின்றன. படம் என்ற சொல்லே அந்த விதியில் இருக்கிறது. நீங்கள் உறுதிமொழி வாங்குகிறீர்கள். கணக்குத் தொடங்கும்போது ஒரு கட்டத்தில் குறியிடச் சொல்கிறீர்கள். அதன்பின் ஒருநாளும் அந்த உறுதிமொழியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. 26 நாளில் தீர்த்ததால் விதிப்படி நடந்துவிட்டோம் என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு மாதக் கெடு பழுதான மிக்ஸிக்குச் சரி. ஏழு நாளில் முடியும் ஏலத்துக்கு அது எப்படிப் பொருந்தும்?

விற்கிறவர்களிடமும் ஒரு சொல் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் உங்கள் வழியாகத்தான் இதைப் படிப்பார்கள். நான் நேரடியாகக் கேட்டபோது எனக்குக் கிடைத்த விடைகள் மூன்று. இணையத்தில் கிடப்பது எல்லோருக்கும் பொது என்றார் ஒருவர். தெருவோரத்து மாமரத்துக்குக்கூடச் சொந்தக்காரர் உண்டு என்று அவருக்கு எழுதினேன், பதில் இல்லை. உங்கள் படத்துக்கு இது விளம்பரம்தானே என்றார் இன்னொருவர். என் பெயரை வெட்டியெடுத்துவிட்டு அதைச் சொன்னார். மூன்றாமவர் சொன்னதுதான் என்னைத் தைத்தது. "எனக்கு உங்களைப்போல நல்ல கேமரா இல்லை அம்மா. என் கைபேசியில் எடுத்தால் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை." அவர் போலி விற்பவர் அல்லர். நல்ல காசைத்தான், தேய்ந்த காசை, என் படத்தைப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

அவருக்கு நான் கோபமாக எழுதவில்லை. நண்பகல் வெயில் வேண்டாம், காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் உட்காருங்கள் என்று எழுதினேன். காசுக்கு அடியில் சாம்பல் நிறத் தாள் வையுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள், நிழல் இளகும். நான்கு தடித்த புத்தகங்களை இருபுறமும் அடுக்கி, அவற்றின்மேல் கைபேசியைக் குப்புற வைத்து எடுங்கள். கை நடுக்கம் தெரியாது. ரொம்ப நெருங்காதீர்கள், சற்றுத் தள்ளி எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அவர் தன் காசின் படத்தை எனக்கு அனுப்பினார். அம்மனின் முகம் முக்கால்வாசி தேய்ந்து, ஒரு கண் மட்டும் தெரிந்தது. அது அவருடைய காசு, அவருடைய படம். 210 ரூபாய்க்குப் போனதாம். வாங்கியவர் நல்ல மதிப்புரை எழுதியிருக்கிறார் என்று இரண்டு முறை சொன்னார்.

கேட்டவர்களுக்கு நான் இல்லையென்று சொன்னதில்லை. ஆய்வேட்டுக்கு வேண்டுமென்று ஒரு மாணவி கேட்டாள், மூலக்கோப்புகளையே அனுப்பினேன். கோயில் மலர் ஒன்றுக்குக் கேட்டார்கள், கொடுத்தேன். ஒரு விற்பனையாளர்கூட, 'இது என் காசின் படமல்ல, இந்த வகையைக் காட்ட மட்டும்' என்று எழுதி, தன் காசின் படத்தையும் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன்.

உங்களால் செய்ய முடியாத எதையும் நான் கேட்கவில்லை. படத்தைக் கொண்டு படம் தேடும் வசதியைக் கூகுள் 2011லேயே பொதுமக்களுக்குக் கொடுத்துவிட்டது. ஒரு படத்தின் ஒளி-நிழல் அமைப்பைச் சுருக்கி ஓர் எண்ணாக்கி வைத்துக்கொண்டால், அதே படம் சுருங்கி வந்தாலும் நிறம் மாறி வந்தாலும் கண்டுகொள்ளலாம். திருப்பிப் போட்டால் தப்பிவிடும் என்றால், திருப்பிய படத்துக்கும் ஓர் எண் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை புகாருக்குள்ளாகி நீக்கிய படம் மறுபடி ஏறும்போதாவது உங்கள் கணினி அதைத் தடுக்க வேண்டாமா? அடுத்த வாரமே என்னவெல்லாம் வாங்குவேன் என்று என் முகத்துக்கு நேரே விளம்பரம் காட்டத் தெரிந்த கணினிகள் உங்களிடம் இருக்கின்றன.

பழம்பொருளுக்கு ஒரு தனி வழக்கம் வையுங்கள். படங்களில் ஒன்றிலாவது, பொருளுக்குப் பக்கத்தில், விற்பவரின் கணக்குப் பெயரும் அன்றைய தேதியும் கையால் எழுதிய துண்டுத்தாள் இருக்கவேண்டும். சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் காசு மாற்றிக்கொள்ளும் குழுக்களில் பலர் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். ஒரு தாளும் ஒரு பேனாவும்தான் செலவு. பொருள் கையில் இல்லாதவரால் அதை எளிதில் செய்ய முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், நடந்துகொண்டிருக்கும் ஏலத்தின்மேல் படம் தொடர்பான புகார் வந்தால், அந்த ஏலத்தை அந்த நிமிடமே நிறுத்திவையுங்கள். நீக்கச் சொல்லவில்லை, கடிகாரத்தை நிறுத்தச் சொல்கிறேன். விற்பவர் நேர்மையானவரானால் பொருளை வேறு கோணத்தில் ஒரு படம் எடுத்து அனுப்ப அவருக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஏலம் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். யாராவது பொய்ப்புகார் கொடுத்துப் போட்டியாளரைத் தடுப்பார்களே என்று கேட்பீர்கள். தடுப்பார்கள்தான். அந்த ஐந்து நிமிடத்துக்கு மேல் அவர்களால் தடுக்க முடியாது, திரும்பத் திரும்பச் செய்தால் அவர்கள் பெயர் உங்களிடம் இருக்கிறது. புகார் உண்மையானால், ஏலம் கேட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவியுங்கள். முன்பே வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அறந்தாங்கிப் பிள்ளைக்கு இன்றுவரை 1,150 ரூபாய் வரவில்லை. பொருளைப் பெற்று பத்து நாளைக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். போலி என்று அறிய அவருக்குப் பதினாறு நாள் ஆனது, ஏனென்றால் அவர் பழகுநர். அவருடைய உத்தியோகத்தில் 1,150 ரூபாய் என்பது இரண்டு நாள் கூலி.

இந்த மடலை எழுதிக்கொண்டிருக்கும் இந்த வியாழக்கிழமை இரவிலும் உங்கள் தளங்களில் ஒன்றில் அப்பத்தாவின் காசு ஏலத்தில் இருக்கிறது. இம்முறை படத்தை மஞ்சளாக்கி, காசைச் சுற்றி வட்டமாக வெட்டி, சிவப்புப் பட்டுத்துணி ஒன்றின் படத்தின்மேல் ஒட்டியிருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே வெட்டு இருக்கிறது, பாருங்கள். ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள். விலை 640 ரூபாயில் நிற்கிறது. புகாரை மாலையே அனுப்பிவிட்டேன். ஒரு நிமிடத்தில் பெற்றுக்கொண்டோம் என்ற பதிலும் வந்துவிட்டது. ஏலம் ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்கு முடிகிறது. அதற்குள் ஒருவர் எழுந்துபோய் அதை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
புதுக்கோட்டை